துக்கம் மாற்றப் பார்த்த படம்

காரியம் முடிந்த வீட்டாரைத் தாய்வீட்டுக்காரர்கள் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். ராஜபாளையம், தளவாய்புரம் பக்கத்தில் சில வீடுகளில் இன்றைக்கும் அதுதான் வழக்கம். தலைக்கு எண்ணெய் வைத்து முழுகச் சொல்வார்கள், புதுச்சேலை எடுத்துக் கொடுப்பார்கள், கறி எடுத்துச் சமைத்துப் போடுவார்கள், சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் ஏதாவது ஒரு தியேட்டரில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். அழுத கண் வேறு எதையாவது பார்க்கட்டும் என்பது கணக்கு. சிரிப்புப் படமா சண்டைப் படமா என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. இருட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வெளிச்சத்துக்கு வந்தால் துக்கம் மாறிவிட்டது என்று அர்த்தம். மறுநாளிலிருந்து அவரவர் அடுப்பு, அவரவர் வேலை.

ஜெயசித்ராவின் அண்ணன் காசிராஜன் அதற்காகத்தான் தளவாய்புரத்திலிருந்து காலையிலேயே வந்து இறங்கினார். நைட்டி தைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிற வியாபாரம் அவருக்கு. போனில் நாலு ஊர் ஆட்களோடு ஒரே நேரத்தில் சண்டை போடக்கூடியவர், தங்கச்சி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

“என்ன படம்ணே?” என்றாள் ஜெயசித்ரா. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

“ரெண்டு ஓடுது. ஒண்ணு குடும்பப் படமாம். புருசன்...” என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். “அது வேணாம். இன்னொண்ணு வானத்துல கப்பல் போற இங்கிலீசு படம், தமிழ்ல பேசுதாங்க. அதுக்குத்தான் டிக்கெட் போட்டேன். அதுல மனுசங்களே கம்மி தாயி. மனசச் சங்கடப்படுத்தாது.”

பாவம், நல்ல எண்ணத்தில் செய்தது. அந்த வீட்டுக்கு எந்தப் படம் ஆகவே ஆகாதோ அதைத் தேடிப் பிடித்து டிக்கெட் போட்டிருந்தார்.

இறந்துபோன பாண்டிச்செல்வம் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. ஸ்பின்னிங் பகுதியின் இரைச்சலிலேயே வயசில் பாதியைக் கழித்தவர். அதனால் காதும் கொஞ்சம் மந்தம், குரலும் பெரிசு. வீட்டில் சாப்பிடும்போது உப்புக் கேட்டால் தெருவுக்கே கேட்கும். அந்த மனுஷனுக்கு வானத்தில் ராக்கெட் போகிற படம், வேற்றுக் கிரகத்திலிருந்து எதுவோ இறங்கி வருகிற படம், போன காலத்துக்கே திரும்பிப் போகிற படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அப்படிப்பட்டவருக்கு வாய்த்தவள் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிற டீச்சர்.

கல்யாணமான புதிதில் பார்த்த முதல் படத்திலேயே ஜெயசித்ரா, “வெளியில காத்தே கெடையாது, இம்புட்டுத் தீ எப்பிடி எரியும்?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. படம் ஓடும்போது டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது. இடைவேளையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வார்.

அதன்பிறகு எந்தப் படம் போனாலும் இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டு சுவரோரமாக டீயோடு நின்றுகொண்டு, “ம், பேப்பரத் திருத்துங்க டீச்சர்” என்பார். அவள் திருத்துவாள். அவ்வளவு வேகத்தில் திரும்பினால் உள்ளே இருக்கிறவன் கூழாகிப் போவான் என்பாள். அந்தக் கிரகத்திலிருந்து பூமிக்குப் பேசினால் பதில் வர மணிக்கணக்காகும், இவன் பக்கத்து வீட்டுக்காரனோடு பேசுகிற மாதிரிப் பேசுகிறான் என்பாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, அதெல்லாம் இருக்கட்டும், படம் நல்லாருக்கா இல்லியா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். மகள் மாரிசெல்வி பிறந்து வளர்ந்தபின் அவள் நடுவர். அம்மாவுக்கு இவ்வளவு மார்க், அப்பாவுக்கு இவ்வளவு மார்க் என்று பப்ஸைத் தின்றுகொண்டே தீர்ப்புச் சொல்லுவாள்.

அவர்களுக்குள் தீராமலே கிடந்த வழக்கு ஒன்றுதான். கப்பல் வெடித்தால் வருகிற சத்தம்.

“காத்து இல்லாத எடத்துல சத்தம் போகாதுங்க. பக்கத்துலயே வெடிச்சாலும் கேக்காது. இது ஒன்பதாம் வகுப்புப் பாடம்.”

“மில்லுல சத்தம் நின்னா என்ன அர்த்தம்னு ஒனக்குத் தெரியுமா டீச்சர்? ஒண்ணு, கரண்டு போயிருக்கணும். இல்லாட்டி எவனோ மிஷின்ல கையக் குடுத்துட்டான்னு அர்த்தம். சத்தம் இல்லாம ஒண்ணு ஒடையிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. அம்புட்டுப் பெரிய கப்பல், அதுக்குள்ள அம்புட்டுப் பேரு. போறப்ப ஒரு சத்தமாவது வேணாமா?”

“வேணும்னு சொன்னா வந்துருமா?”

“சினிமாவுலயாவது வரட்டுமே.”

ஜெயசித்ராவைக் கேட்டால் அந்தப் படங்கள் பிடிக்காது என்றுதான் சொல்லுவாள். அது பொய். தப்பைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் அவளுக்கு இருந்தது. இடைவேளை வரைக்கும் அதை வாயில் அடக்கி வைத்திருக்கிற அவஸ்தையும், அதைச் சொன்னதும் அவர் முகம் போகிற போக்கும் பிடித்திருந்தன. படம் முடிந்து வீட்டுக்கு வந்தபின்னும் அந்த வாக்குவாதம் நாலு நாளைக்கு ஓடும். ஊர்க்கதை பேசத் தெரியாத இரண்டு பேருக்கு அதுதான் பேச்சு.

காசிராஜன் காபியைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தாயி, மருமக எனக்கு நேத்து போன் பண்ணா. திங்கக்கெழமையிலருந்து காலேஜ் ஹாஸ்டல்லயே தங்கிக்கிடுதேன், நீங்க வந்து சேத்து விடுங்க மாமான்னு சொல்லுதா. என்ன வெவரம்?”

 மாரிசெல்வி கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிக்கிறாள். காலேஜ் பஸ் தெருமுனைக்கே வரும், சாயங்காலம் அங்கேயே இறக்கிவிடும். ஹாஸ்டல் என்ற பேச்சே அந்த வீட்டில் வந்ததில்லை.

“எங்கிட்டச் சொல்லலண்ணே.”

“ஒங்கிட்ட பேசுதாளா, இல்லியா?”

அவள் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். காசிராஜனுக்கும் தெரியும். சாவு வீட்டுக்கு வந்துபோன எல்லாருக்குமே தெரியும். தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழாத சாவை அந்தத் தெரு அதுவரைக்கும் பார்த்ததில்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். காரியம் முடியும்வரை மாரிசெல்வி தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரணம் இதுதான்.

மில்லில் கூட வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்காக பாண்டிச்செல்வம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சைக் கரித்திருக்கிறது. கூட இருந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவரே வீட்டுக்குப் போன் செய்தார். “ஒண்ணும் இல்ல டீச்சர், பயந்துக்கிட்டு ஓடி வராத, மெதுவா வா” என்றார். மாரிசெல்வி கிருஷ்ணன்கோவிலிலிருந்து முதலில் வந்து சேர்ந்தாள். அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஜெயசித்ரா ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து, இறங்கி ஓடி, அந்த அறைக்குள் கால் வைத்துக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே சாய்ந்தார்.

டாக்டரும் நர்சுகளும் ஓடி வந்தார்கள். டாக்டர் கட்டிலில் ஏறி மண்டிபோட்டுக்கொண்டு நெஞ்சை அமுக்கினார். ஊசி மேல் ஊசியாகப் போட்டார்கள். மானிட்டரில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அது கூப்பாடு போட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு நர்ஸ் கையை நீட்டி அதன் சத்தத்தை மட்டும் நிறுத்தினாள்.

அப்போதுதான் மாரிசெல்வி கத்தினாள். “ஷாக் குடுங்க டாக்டர். அந்தா மெஷின் இருக்குல்ல. ஏன் சும்மா வச்சிருக்கீங்க, ஷாக் குடுங்க” என்று மெஷினை நோக்கிப் பாய்ந்தாள்.

ஜெயசித்ரா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். “நேர்கோட்டுக்கு ஷாக் குடுத்துப் பிரயோஜனம் இல்ல. துடிப்பு தாறுமாறா ஓடுனாத்தான் அத வைப்பாங்க. நின்னு போனதுக்கு வைக்கிறது சினிமாவுலதான்.”

வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை. அதற்கப்புறமும் டாக்டர் வெகுநேரம் அமுக்கினார். கடைசியில் நிமிர்ந்து, வியர்வையோடு ஜெயசித்ராவைப் பார்த்தார். விட்டுவிடலாம் என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் கையை எடுத்தார். மாரிசெல்வி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயசித்ரா சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். ஆனால் அப்பன் செத்துக்கொண்டிருக்கிற கட்டிலருகே நிற்கிற பிள்ளையின் காதில் விழ வேண்டிய வார்த்தையா அது?

மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு மூன்று பேரும் ஆட்டோவில் கிளம்பினார்கள். மாரிசெல்வி வரமாட்டேன் என்று சொல்லுவாள் என்றுதான் ஜெயசித்ரா நினைத்திருந்தாள். காசிராஜன் கதவைத் தட்டிக் கூப்பிட்டதும், “வாரேன் மாமா” என்று மட்டும் சொல்லிக் கிளம்பிவிட்டாள். ஆட்டோ பஞ்சு மார்க்கெட் தாண்டுகிறவரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வழியில் தெரிந்தவர்கள் யாரும் நிறுத்திப் பேசவில்லை. புதுச்சேலையையும் எண்ணெய்த் தலையையும் பார்த்தவர்களுக்கு எங்கே போகிறார்கள் என்பது தெரியும்.

தியேட்டரில் கூட்டம் குறைவு. பின்வரிசையில் காலேஜ் பையன்கள் சிலர், முன்னால் இரண்டு மூன்று குடும்பங்கள். காசிராஜன் விவரமாக நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் தங்கச்சி, மறுபக்கம் மருமகள். படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் தூங்கிப் போனார். நைட்டி வியாபாரி ராத்திரியெல்லாம் லோடு ஏற்றிவிட்டு வந்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது.

படத்தில் சனிக் கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கப்பல் பழுதாகி நிற்கிறது. உள்ளே ஐந்தாறு பேர். வயசான கேப்டன் ஒருவர், கப்பலின் டாக்டரம்மா, ஒரு மெக்கானிக், இன்னும் சிலர். ஜெயசித்ராவுக்குப் பழக்கம் விடுமா. கப்பலுக்குள் எல்லாரும் மிதக்காமல் நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி நடந்தார்கள். தப்பு. வெளியே கல் ஒன்று வந்து மோதியதும் தியேட்டரே அதிர்ந்தது. தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் அவள் உதடு தானாக அசைந்தது. இடைவேளைக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம்தான், யாரிடம் சொல்லப் போகிறோம் என்ற நினைப்பு வந்தது. அத்தனை நாளில் எத்தனையோ பேர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்போதெல்லாம் உறைக்கவில்லை. அவர் இல்லை என்பது அவளுக்கு அந்த நாற்காலியில்தான் முழுசாக விளங்கியது.

மெக்கானிக் கப்பலுக்கு வெளியே போய்ப் பழுது பார்க்கிறான். அவன் உடுப்பு கிழிகிறது. உள்ளே இழுத்துப் போடுகிறார்கள். டாக்டரம்மா அவன் நெஞ்சை அமுக்குகிறாள். பக்கத்தில் ஒரு திரை, அதில் ஒரு கோடு. அது துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது, பிறகு நேரானது. அப்படியே திரை இருண்டு, இடைவேளை என்று எழுத்து வந்தது.

விளக்குகள் எரிந்தன. “ஏலே, எந்திரிச்சிருவாம்லே. அவன்தான ஹீரோ” என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, கூட இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். காசிராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். படத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஆகிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. “டீ வாங்கிட்டு வாரேன்” என்று போய்விட்டார்.

மாரிசெல்வி எழுந்து வெளியே நடந்தாள். ஜெயசித்ராவும் பின்னாலேயே போனாள். அவள் கால்கள் எங்கே போகும் என்று இவளுக்குத் தெரியும். சைக்கிள் ஸ்டாண்டு சுவரோரம். இப்போது அங்கே சைக்கிள் எதுவும் இல்லை, பைக்குகள்தான். சுவருக்கு மேலே மலை தெரிந்தது.

“பேப்பரத் திருத்துங்க டீச்சர்” என்றாள் மாரிசெல்வி. அத்தனை நாளுக்கப்புறம் அவள் தாயிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பன் குரலில் இருந்த கேலி அதில் இல்லை.

ஜெயசித்ரா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“சொல்லும்மா. உள்ள ஒருத்தன் செத்துக் கெடக்கான். கோடு நேராப் போயிருச்சு. இன்னும் செத்த நேரத்துல ஷாக் குடுப்பாங்க, எந்திரிச்சு உக்காந்திருவான். சொல்லு, அது சினிமாவுலதான்னு சொல்லு.”

“மாரி...”

“நான் படிச்சுப் பாத்துட்டேம்மா. நீ சொன்னது சரிதான். டாக்டர் செஞ்சதும் சரிதான். எனக்குக் கோவம் அதுல இல்ல.” அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “நான் அங்க கத்திக்கிட்டு நிக்கேன். நீ கிளாஸ் எடுக்கிற. ஒனக்கு ஒரு நிமிசங்கூடவா தோணல, எந்திரிச்சிருவாருன்னு? ஒரே ஒரு நிமிசம்? அத நெனச்சா எனக்கு அந்த வீட்ல ஒன்கூட இருக்க முடியல.”

ஜெயசித்ரா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். சரியான பதில் ஒன்றைத் தேடினாள், வழக்கம்போல.  கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

“ஏட்டி, ஒனக்குக் கேட்டுச்சா?”

“என்ன?”

“டாக்டர் அமுக்குறப்ப உங்கப்பா நெஞ்சுக்கூட்டுல சத்தம் வந்துச்சு. வெலா எலும்பு ஒடையிற சத்தம். முதல்ல ஒண்ணு. பொறவு ரெண்டு மூணு. அமுக்குனா ஒடையும், அவங்க மேல தப்பு இல்ல. ஒனக்குக் கேட்டிருக்காது, நீ கத்திக்கிட்டு இருந்த. மானிட்டர் சத்தத்த நிப்பாட்டுனதும் எனக்கு அது மட்டுந்தான் கேட்டுச்சு.”

மாரிசெல்வி தாயின் பக்கம் திரும்பினாள்.

“நீ ஷாக் குடுங்கன்னு கத்துனப்ப நானும் உள்ளுக்குள்ள அதத்தான் கத்துனேன். வைங்க, பொய்யா இருந்தாலும் வைங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எம்புட்டுப் படம் பாத்திருக்கோம், எல்லாத்துலயும் எந்திரிச்சாங்களே, இவிய மட்டும் ஏன் எந்திரிக்க மாட்டாவன்னு இருந்துச்சு. நான் வாயத் தொறந்து அதச் சொல்லியிருந்தா, விட்டுருங்கன்னு பொறவு என்னால சொல்லியிருக்க முடியாது. அவிய ஒடம்ப இன்னும் ஒடச்சுக்கிட்டே இருந்திருப்பாங்க.” சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “அதான் அந்த வார்த்தையச் சொன்னேன். ஒனக்குச் சொல்லல. எனக்குச் சொன்னேன். பிடிச்சு நிக்க எனக்கு வேற ஒண்ணும் கெடைக்கல மாரி.”

மாரிசெல்வி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் போய்விட்டதா இல்லையா என்று ஜெயசித்ராவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இத்தன வருசமா ஒவ்வொரு படத்துலயும் தப்பு பாத்தேன். நெஞ்ச அமுக்குறப்ப ஒரு எலும்புகூட ஒடையலியேன்னு ஒரு நாளும் தோணல. தெரியாதே எனக்கு.”

உள்ளே மணி அடித்தது.

“இப்ப உள்ள போனா அவன் எந்திரிச்சிருவான்” என்றாள் ஜெயசித்ரா. “எந்திரிக்கணும்னு இருக்கு எனக்கு.”

காசிராஜன் டீயையும் பாப்கார்னையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அவர்களை எங்கெங்கோ தேடிவிட்டு உள்ளே வந்தபோது படம் ஆரம்பித்திருந்தது. அவர் உட்கார்ந்திருந்த நடு நாற்காலியில் மாரிசெல்வி இருந்தாள்.  ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒவ்வொன்றாக அவரே குடித்தார்.

டாக்டரம்மா முதல் தடவை ஷாக் வைத்தாள். அவன் உடம்பு தூக்கிப் போட்டது, கோடு நேராகவே இருந்தது. ஜெயசித்ராவின் இரண்டு கைகளும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. இது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். பொதுவாக அந்த இடத்தில் அவள் தொண்டையைச் செருமுவாள், அவர் முழங்கையால் ஒரு இடி இடிப்பார். இரண்டாம் தடவை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கூட இருந்தவர்கள் போதும் விடு என்றார்கள். டாக்டரம்மா கேட்கவில்லை, மூன்றாம் தடவையும் வைத்தாள். கோடு ஒரு துள்ளுத் துள்ளியது.

பின்வரிசை விசிலடித்தது. முன்னாலிருந்த ஒரு குடும்பம் கைதட்டியது. ஜெயசித்ராவிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அழுகை என்று அவளுக்கே முதலில் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலும் வராமல், சுடுகாட்டுக்குத் தூக்கும்போதும் வராமல் கிடந்தது எல்லாம் சேர்ந்து அந்த விசிலுக்குள்ளும் கைதட்டலுக்குள்ளும் வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. யாருக்கும் கேட்காது, அல்லது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அழுதாள். என் வீட்டுக்காரர் செத்துப்போனார், இவன் பிழைத்துக்கொண்டான், இவனாவது பிழைத்துக்கொண்டானே என்று அழுதாள்.

மாரிசெல்வியின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் இவள் அவளைப் பிடித்து நிறுத்திய அதே இடம். பிடித்தபடியே இருந்தது.

அதற்கப்புறம் கதை எப்படிப் போனது என்று இரண்டு பேருக்கும் சரியாகத் தெரியாது. கடைசியில் எல்லாரும் ஒரு சின்னக் கப்பலில் ஏறித் தப்பிக்கிறார்கள். அதைக் கிளப்பிவிட யாராவது ஒருவர் பெரிய கப்பலிலேயே நின்றாக வேண்டும். வயசான கேப்டன் நின்றுகொள்கிறார். ஜன்னல் வழியே எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். தூரத்தில் கருப்பில் பெரிய கப்பல் தனியாகத் தெரிகிறது. ஒரு வினாடி தியேட்டரில் எந்தச் சத்தமும் இல்லை. ஏசி ஓடுவது கேட்டது.

கப்பல் வெடித்தது. தரை அதிர்ந்தது, நாற்காலி அதிர்ந்தது, காசிராஜன் திடுக்கிட்டு விழித்தார். சத்தம் சுவரில் மோதி மோதித் திரும்பிக்கொண்டே இருந்தது.

மாரிசெல்வி தாயின் காதருகே குனிந்தாள். அவள் முகமும் ஈரமாக இருந்தது.

“அங்க சத்தம் கேக்காதும்மா” என்றாள்.

“கேக்கட்டும்” என்றாள் ஜெயசித்ரா.